ஆயிரத்துக்கு மேல் இருபத்துநாலு

அக்கா போன் செய்தபோது காலை எட்டரை. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. எட்டரை மணிக்கு எனக்கு இருக்கும் ஒரே அவசரக் காரியம், ஆறிப்போன டீயை மறுபடி சூடு பண்ணுவதா, அப்படியே குடித்துத் தொலைப்பதா என்று தீர்மானிப்பதுதான்.

"டேய், பெட்டி நெறைஞ்சு போச்சாம். திரையில காட்டுது. இன்னைக்கு நாலு மணிக்குள்ள இடம் வேணும்."

"எந்தப் பெட்டி?"

"உங்க அத்தானோட பெட்டி. உள்ள இருக்கிறது அழியக்கூடாது. நாலு மணிக்கு அது நிக்கவும் கூடாது. ரெண்டும் நடக்கணும்."

"அத்தான் போய் ஏழு மாசமாச்சேக்கா. இன்னும் அதுல எதைப் பதிவு பண்ண..."

"கேள்வி கேக்காம வாடா. டிஸ்க் வாங்கிட்டு வா."

வைத்துவிட்டாள். அக்காவுக்கு எழுபத்தொரு வயது. அவள் போனை வைக்கிற சத்தத்தில் மட்டும் இருபது வயது குறையும்.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடிநீர் அலுவலகத்தில் அவருக்குக் கசிவு பார்க்கிற வேலை. பார்க்கிற என்பது பேச்சுக்குத்தான், கேட்கிற வேலை. தெருவில் இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு, பூமிக்குள் எந்தக் குழாய் எங்கே அழுகிறது என்று சொல்வார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'காது'. இரண்டு தெரு தள்ளி, நாலடி ஆழத்தில், தார்ச்சாலைக்கு அடியில் ஓர் எறும்பு தும்மினால், தும்மியது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டாலும், எறும்பு தும்மியதுவரை நிஜம்.

ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் செடி வளர்ப்பார்கள், சர்க்கரையை அளந்து பார்ப்பார்கள். அத்தான் ஒரு பதிவுப் பெட்டி வாங்கினார். டிபன் பாக்ஸ் அளவு. முன்னால் இரண்டு வரி மட்டும் காட்டும் சின்னத் திரை. ஒரு திருகு: இடப்பக்கம் திருப்பினால் பழைய பதிவு, வலப்பக்கம் திருப்பினால் புதிய பதிவு. பக்கத்தில் அழிப்பதற்கு ஒரு பொத்தான், ஹெட்போன் மாட்ட ஓர் ஓட்டை. மைக்கைச் சமையலறைச் சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும் தண்ணீர்க் குழாயில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார். தினமும் மாலை நாலு மணிக்குப் பெட்டி தானாக ஆரம்பிக்கும். ஐந்து மணிக்குத் தானாக நிற்கும். ஐம்பத்தொன்பதாவது நிமிடத்தில் அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு குழாயிடம் சொல்வார்: "நாள் இத்தனை. கசிவு இல்லை."

ஒரு நாள் தவறியதில்லை. ஒருமுறை பல் டாக்டரிடம் பாதிப் பல்லைப் பிடுங்கவிட்டு, மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்து ஓடி வந்தவர் அவர்.

அந்தப் பதிவுகள்தான் அக்காவுக்கு இப்போது எல்லாம். காலையில் எழுந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பாள் என்று எனக்குத் தெரியும். துக்கத்தில் இருப்பவர்கள் எதையெதையோ பிடித்துக்கொள்வார்கள்; இவள் குழாயைப் பிடித்துக்கொண்டாள் என்று விட்டுவிட்டேன்.

பத்து மணிக்குப் புது டிஸ்கோடு போய்ச் சேர்ந்தேன். அக்கா சமையலறையில் நாற்காலியைக் குழாய் ஓரமாகப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மேசையில் பெட்டி. திரையில் இரண்டு வரி: நிறைந்தது 931.2 ஜிகாபைட். மிச்சம் 123 மெகாபைட்.

"எவ்வளவு பெருசு வாங்கினே?"

"ஒரு டெராபைட். ஆயிரம் ஜிபி. உன்கிட்ட இருக்கிறது தொளாயிரத்து முப்பத்தொண்ணு. இதுல மாத்தினா அறுபத்தொம்பது ஜிபி மிச்சம் நிக்கும். ஆறேழு மாசத்துக்குக் கவலை இல்லை."

"நிச்சயமா?"

"யாரைக் கேக்கிறே? முப்பத்தோரு வருஷம் டேப் அறையில குப்பை கொட்டினவன்."

எங்கள் நிறுவனத்தில் இரண்டு அறை. ஒன்று, கணினித் தகவல்களை டேப்பில் சேமித்து வைக்கிற என்னுடைய அறை; அங்கே ஆயிரம் என்றால் ஆயிரம். ஆயிரம் பைட் ஒரு கிலோபைட், ஆயிரம் கிலோபைட் ஒரு மெகாபைட். டேப் செய்கிறவன் அப்படித்தான் அட்டையில் அச்சடிப்பான். சுவருக்கு அந்தப் பக்கம் கணினி நினைவகத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அவர்களுக்கு ஆயிரம் என்றால் ஆயிரத்து இருபத்துநாலு. ஒன்றைப் பத்து முறை இரண்டால் பெருக்கினால் அதுதான் வருகிறதாம், இயந்திரத்துக்கு அதுதான் பிடிக்குமாம். இந்த இருபத்துநாலுக்காக நாங்கள் போடாத சண்டை இல்லை. ஒருமுறை ஒரு ஸ்டேப்ளர் பறந்து வந்து என் காதருகே போனது. அவர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'ஆயிரம்'. நான் அவர்களுக்கு வைத்ததை இங்கே எழுத முடியாது.

கணக்கில் நான் யார் என்று அக்காவுக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது.

"பெட்டியைத் தொறக்காமலே இதுல எத்தனை நாள் இருக்குன்னு சொல்லவா?"

"சொல்லேன், பாப்போம்."

பெட்டியோடு வந்த கையேடு இழுப்பறையில் கிடந்தது. ஒரு மணி நேரப் பதிவு 317.52 மெகாபைட் என்று போட்டிருந்தான். தொள்ளாயிரத்து முப்பத்தொன்று புள்ளி இரண்டை ஆயிரத்தால் பெருக்கி, அதை இதனால் வகுத்தேன்.

"ரெண்டாயிரத்துத் தொளாயிரத்து முப்பத்திரெண்டு."

அக்காவின் முகம் ஒரு மாதிரியாக மாறியது. "அவர் போன அன்னைக்குச் சொன்ன நம்பர் அதுதான். 'நாள் ரெண்டாயிரத்துத் தொளாயிரத்து முப்பத்திரெண்டு'ன்னு சொன்னார். நான் இங்கதான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன்."

"பாத்தியா! சும்மாவா ஆயிரம்னு பேர் வச்சாங்க?"

மெடல் வாங்கியவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு புது டிஸ்கைப் பெட்டியின் இரண்டாவது துளையில் செருகினேன். திரை யோசித்தது. பிறகு எழுதியது: புது டிஸ்க், காலி இடம் 931.3 ஜிகாபைட்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான். அறுபத்தொம்பதைத் தின்னுட்டான்" என்று கத்தியேவிட்டேன்.

கத்தி முடிப்பதற்குள் உறைத்தது. தின்றது கடைக்காரன் இல்லை. இந்தப் பெட்டி சுவருக்கு அந்தப் பக்கத்துச் சாதி. இது ஆயிரத்து இருபத்துநாலால் எண்ணுகிறது. அட்டையில் அச்சடித்தவன் ஆயிரத்தால் எண்ணியிருக்கிறான். கிலோபைட்டில் பார்த்தால் ஆயிரத்துக்கு இருபத்துநாலு, கண்ணுக்கே தெரியாது. மெகாபைட்டில் நூற்றுக்கு ஐந்து. ஜிகாபைட்டில் ஏழுக்கு மேல். டெராபைட்டில் பத்தைத் தொட்டுவிடும். கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்பார்கள். இங்கே கட்டெறும்பு வளர்ந்து கழுதையாகிறது. பழைய டிஸ்கும் ஒரு டெராபைட், புதியதும் ஒரு டெராபைட். ஒரே குட்டை, ஒரே மட்டை. நான் வாங்கி வந்ததால் ஒரு பைட்கூட லாபமில்லை.

முப்பத்தோரு வருடம் இதற்காக ஸ்டேப்ளருக்குத் தப்பியவன், கடைசியில் இதிலேயே வழுக்கி விழுந்தேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து நினைவுக்கு வந்ததுதான் பொறுக்கவில்லை.

நாள் கணக்கையும் நான் அப்படித்தானே போட்டேன்? பெட்டியின் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று அவர்கள் எண்ணிக்கை. கையேட்டின் 317.52 எங்கள் எண்ணிக்கை. இரண்டையும் ஒரே தராசில் போட்டால் வருகிற விடை தப்பு. தப்பான விடை எப்படி அத்தான் இறந்த நாளோடு அச்சு அசலாகப் பொருந்தியது?

காகிதத்தை எடுத்து, ஜிகா, மெகா எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, வெறும் பைட்டாக்கிப் போட்டேன். பெட்டியில் இருப்பது தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு கோடிச் சொச்சம் பைட். ஒரு பதிவுக்கு முப்பத்தொரு கோடியே எழுபத்தைந்து லட்சத்து இருபதாயிரம். வகுத்தேன். மூவாயிரத்து நூற்று நாற்பத்தொன்பது.

மறுபடி வகுத்தேன். அதே. மூன்றாவது முறை தலைகீழாகப் பெருக்கிப் பார்த்தேன். அதே.

இருநூற்றுப் பதினேழு நாள் அதிகம்.

சுவரில் காலண்டர் தொங்கியது. அத்தான் இறந்த மறுநாளிலிருந்து நேற்றுவரை விரலை வைத்து எண்ணினேன். சமையலறை ஜன்னல் வழியாகப் பதினொரு மணி வெயில் பளீரென்று அடித்தது. பயப்படுவதற்குத் துளியும் ஏற்ற நேரமில்லை. இருநூற்றுப் பதினேழு.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சட்டென்று விளங்கியது, சிரிப்பே வந்துவிட்டது.

"அட, டைமர்! அத்தான் போனா பெட்டிக்கு எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு நாலு மணிக்கு ஆரம்பிச்சு அஞ்சு மணிக்கு நிக்குது. இருநூத்திப் பதினேழு நாளும் வெறும் குழாய்ச் சத்தம். அதையெல்லாம் அழிச்சுட்டா எழுபது ஜிபி காலியாயிடும், வேலை முடிஞ்சுது!"

"பெட்டி தானா ஓடும்டா. எனக்குத் தெரியாதா?" அக்கா ஹெட்போனை எடுத்து என் தலையில் மாட்டினாள். "பேசுறது யாரு?"

திருகை வலக்கோடி வரைக்கும் திருப்பினாள். நேற்றைய பதிவு. கடைசி நிமிடத்துக்கு ஓட்டினாள்.

குழாய்க்குள் தண்ணீர் நடக்கிற சத்தம். பிறகு தொண்டையைச் செருமுகிற சத்தம். அந்தச் செருமலை நான் நாற்பது வருடமாகக் கேட்டிருக்கிறேன். சாப்பாட்டு மேசையில், ரயிலில், என் கல்யாண போட்டோவில்கூட அது கேட்கும்.

"நாள் மூவாயிரத்து நூத்தி நாப்பத்தொம்பது. கசிவு இருக்கு. தூரம் ஒரு அடி."

ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன் என்று எனக்கு ஞாபகம். தூக்கி எறிந்தேன் என்கிறாள் அக்கா.

"இன்னும் கேளு" என்று ஹெட்போனை மறுபடி என் தலையில் மாட்டி, திருகை ஒரு கட்டம் இடது பக்கம் தள்ளினாள். "நாள் மூவாயிரத்து நூத்தி நாப்பத்தெட்டு. கசிவு இருக்கு. தூரம் ரெண்டு அடி." அதற்கு முந்தையது மூன்று. பின்னால் போகப் போகத் தூரம் கூடிக்கொண்டே போனது. அத்தான் இறந்த மறுநாள், இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றில் போய் நின்றோம். "கசிவு இருக்கு. தூரம் இருநூத்திப் பதினேழு அடி."

"அது எங்கேருந்துன்னு தெரியுமா?" என்றாள். "தெருமுனையில தண்ணி வால்வு மூடி இருக்கு பாரு. ரொட்டி வாங்கப் போனவர் அது மேலதான் விழுந்தார். அங்கேருந்து இந்தச் சுவர் வரைக்கும் அளந்துட்டேன். தையல் டேப்பை வச்சு, குனிஞ்சு குனிஞ்சு. தெருவே வேடிக்கை பாத்துது."

"எவ்வளவு?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வியில் ஒரு கேவலம் இருக்கிறது.

"இருநூத்திப் பதினேழு. ஒரு நாளைக்கு ஒரு அடி வர்றார்டா. இன்னைக்கு வந்துடுவார்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நான் சுவரிலிருந்த பிளக்கைப் பார்த்தேன். அக்கா நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

"கையை வச்சே, முறிச்சுடுவேன்."

"அக்கா, இது நல்லதுக்கில்லை."

"எது? என் புருஷன் என் வீட்டுக்கு வர்றதா?"

"ஏன் இத்தனை நாள் சொல்லலே?"

"சொல்லியிருந்தா? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பே. அவன் ஒரு மாத்திரை தருவான், நான் நாலு மணிக்குத் தூங்கிக்கிட்டு இருப்பேன்."

உண்மையில் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

பெட்டியில் மிச்சமிருந்த இடத்தைக் கணக்குப் பார்த்தேன். இந்தமுறை ஒரே எண்ணிக்கையில். இருபத்துநாலு நிமிடம் இருபத்தாறு வினாடிக்குப் போதும். அத்தான் பேசுவது ஐம்பத்தொன்பதாவது நிமிடத்தில். நாலு இருபத்துநாலுக்குப் பெட்டி நிறைந்து நின்றுவிடும். பூஜ்யம் அடியில் நிற்கிற மனுஷன் வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்தின மாதிரி.

கடைக்குப் போன் செய்தேன். பெரிய டிஸ்க் நாளைக்குத்தான் வருமாம். வந்தாலும் ஒரு டெராபைட்டை நகர்த்த இந்தப் பெட்டிக்கு ஒரு பொழுது பிடிக்கும். ஒரு நாளை மட்டும் தனியாகப் புது டிஸ்குக்கு மாற்றவும் இதற்குத் தெரியாது; நகர்த்தினால் மொத்தமாகத்தான். பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் மாட்டலாமே என்று பார்த்தால், இந்தப் பெட்டி முதல் துளையில் இருக்கும் டிஸ்கில் மட்டும்தான் எழுதும். அதைத் துளையோடு சேர்த்து ஒட்டிவைத்திருந்தார் அத்தான்; பிடுங்கினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். கசிவுக்காரர் அல்லவா, எதையும் லேசாக விடமாட்டார்.

"ஒரே வழிதான். ஏதாவது ஒரு நாளை அழிக்கணும். ஒரு நாள் போதும்."

அக்கா பெட்டியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"முதல் நாளை அழிச்சுடலாமே?"

"அன்னைக்குக் குழாய்கிட்ட பேசவே வெக்கப்பட்டார். மூணு தரம் ஆரம்பிச்சு ஆரம்பிச்சுச் சிரிப்பு வந்துடும் அவருக்கு. அது வேணும்."

"ரெண்டாவது நாள்?"

"அன்னைக்கு மழை. குழாய்ல மழை கேக்கும்."

"அப்ப நூறாவது நாள். நூறுல என்ன இருக்கப் போகுது?"

"சொல்லி முடிச்சுட்டு, 'டீ போடேன்'னார். அதுவும் பதிவாயிருக்கு."

நான் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். ஏலம் போட்டது மாதிரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒன்று இருந்தது. தும்மல், பக்கத்து வீட்டு நாய், மூக்கடைப்பு. மூவாயிரம் நாளையும் கேட்டு வைத்திருக்கிறாள், பாவி. என் கல்யாண நாளே எனக்கு வருடம் தவறிப்போகும். "போன பிறகு உள்ளதுல ஒண்ணு?" என்றேன். "நடந்து வந்த மனுஷனோட ஒரு அடியை எடுக்கச் சொல்றியா? அப்புறம் எப்படித் தாண்டுவார்?" என்றாள். அதற்கு எந்தக் கையேட்டிலும் பதில் கிடையாது.

மணி மூன்றே முக்கால் ஆனது. அக்கா எழுந்து திருகைத் தானே திருப்பினாள். நின்ற இடம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு.

"இதுவா? இது கடைசிப் பதிவுக்கா. உயிரோட பேசினது."

"அன்னைக்கு மத்தியானத்துலேருந்தே நெஞ்சுல வலி இருந்திருக்கு. டாக்டர் அப்புறம் சொன்னார். இங்க உக்காந்து, என் முதுகுக்குப் பின்னால, 'கசிவு இல்லை'ன்னு சொல்லிட்டு எழுந்து ரொட்டி வாங்கப் போனார்." பொத்தான் மேல் விரலை வைத்தாள். "மூவாயிரம் நாள்ல அவர் சொன்ன ஒரே பொய். அது எனக்கு வேண்டாம்."

அழுத்தினாள்.

திரை சொன்னது: மிச்சம் 426 மெகாபைட்.

நாலு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சேலையைச் சரிசெய்து, முடியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வாசல் கதவுக்கும் சமையலறைக்கும் நடுவே, எந்தப் பக்கமும் ஓட வசதியான இடமாகப் பார்த்து நின்றேன். நாலு இருபத்துநாலு வந்தது. போனது. குழாயில் ஒன்றுமில்லை, சாதாரணக் குழாய், கழுத்தில் கொஞ்சம் துரு. நாலரைக்குச் சுவரில் அதைச் சுற்றியிருந்த சுண்ணாம்பு வியர்த்திருப்பதைப் பார்த்தேன். நாலே முக்காலுக்கு வியர்வை காய்ந்துபோயிருந்தது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்வதென்றால் சுவரே சரிந்தது என்று சொல்லியிருப்பேன்.

நாலு ஐம்பத்தொன்பது.

அக்காவின் தோள் இறங்கியது. யாரோ அதில் கை வைத்தால் இறங்குமே, அப்படி.

"ஏங்க, இவ்வளவு நேரமா?" என்றாள்.

எனக்கு அவள் பேசுவது மட்டும்தான் கேட்டது. குழாய்ப்பக்கமாகக் குனிந்துகொண்டு பேசினாள்.

"ஆமா, சாப்பிட்டேன்... இல்லே, அதை வித்துட்டேன். நீங்கதான் அதைத் தொடவே மாட்டீங்களே... யாரு? அவனா? வந்திருக்கான். மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு." என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ரொட்டியா? ரொட்டி கெடக்குது விடுங்க. கால் வலிக்குதா?... வலிக்கும்ல. அவ்வளவு தூரம்."

ஐந்து மணி ஆனது. விளக்கு அணையவில்லை. எட்டு வருடமாக ஐந்தைத் தாண்டாத பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா ஏழு மாதத்துக் கதையைச் சொன்னாள். இடையிடையே நிறுத்திக் கேட்டாள், தலையாட்டினாள், ஒரு தடவை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு தடவை, "அதெல்லாம் இப்பச் சொல்லாதீங்க, அவன் நிக்கிறான்" என்றாள். ஐந்தே கால். ஐந்து இருபது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே முடியும் என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஐந்து இருபத்துநாலு தாண்டி இருபத்தாறு வினாடி. விளக்கு அணைந்தது.

"நின்னு போச்சுடா."

"நெறைஞ்சு போச்சுக்கா. மிச்சம் மீதி எல்லாத்தையும் ஒரு பைட் விடாம பேசித் தீத்துட்டீங்க. கடைசியா என்ன சொன்னார்?"

அக்கா ஹெட்போனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றினாள். "உன்னைப் பத்திதான் ஆரம்பிச்சார். 'உன் தம்பிகிட்ட சொல்லி வை, அவன் வீட்டுல'ன்னார்."

"என் வீட்டுல?"

"அவ்வளவுதான்."

"என் வீட்டுல என்ன?"

"எனக்கு என்னடா தெரியும்? அதுக்குள்ள நின்னு போச்சு."

காலையில் பிளக்கைப் பிடுங்கப் பார்த்தவன் நான். இப்போது என் கை என்னைக் கேட்காமலே திருகுக்குப் போனது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அழித்தால் இன்னொரு மணி நேரம். மூக்கடைப்பு நாள் போதும். நாய் குரைத்த நாள் போதும். அக்கா என் மணிக்கட்டில் சுளீரென்று ஒன்று வைத்தாள்.

"இனி ஒரு நாள்கூடத் தரமாட்டேன்."

"அக்கா, என் வீட்டுலக்கா! உன் வீட்டுல இல்லே, என் வீட்டுல!"

"நாளைக்குப் பெரிய டிஸ்க் வாங்கிட்டு வா."

எட்டு டெராபைட் வாங்கினேன். அறுபது வருடத்துக்குப் பேசலாம். எல்லாவற்றையும் நகர்த்தி, ஒட்டியிருந்த பழையதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டி முடிக்க ஒரு முழுநாள் ஆனது. அதற்கடுத்த நாள் நாலு மணிக்கு மைக்கைத் துடைத்து, நானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர் நடந்தது. ஐம்பத்தொன்பதாவது நிமிடத்தில் யாரும் செருமவில்லை. ஐந்து மணிக்குப் பெட்டி ஒழுங்குபிள்ளையாக நின்றது. மறுநாளும் அப்படித்தான். பத்து நாளும் அப்படித்தான். அந்த ஒன்றரை மணிப் பதிவைத் திரும்பப் போட்டால் அக்காவின் குரல் மட்டும் இருக்கிறது. அவள் நிறுத்துகிற இடங்களில் குழாய்ச் சத்தம்கூட இல்லை. மைக்கை உள்ளங்கையால் பொத்தின மாதிரி ஒரு கும்மென்ற மௌனம்.

என் வீட்டுக் குழாய்களில் எல்லாம் காதை வைத்துப் பார்த்துவிட்டேன். குளியலறை, பின்கட்டு, மாடித் தொட்டி. "ஓய்வு பெத்ததும் பைத்தியம் பிடிக்கும்னு சொன்னாங்க. ஆறு வருஷம் லேட்டா வந்திருக்கு" என்றாள் என் மனைவி.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். நான் உள்ளே வரும்போது சமையலறையில் பேச்சுக் குரல். அவளுடையதுதான், நிறுத்தி நிறுத்தி. பெட்டியின் ஒயரைக் கழற்றிச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டிருந்தாள். முகம் தெளிந்து, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள்.

"பெட்டியை ஏன் எடுத்து வச்சே?"

"வந்து சேர்ந்தாச்சு. இனிமே அது எதுக்கு?"

குழாய்ப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கெஞ்சுகிற வயதில்லை எனக்கு, ஆனாலும் கெஞ்சினேன். "அக்கா, அன்னைக்குப் பாதியில நின்னுதே, என் வீட்டுலன்னு... அதை மட்டும் எப்படியாவது கேட்டுச் சொல்லேன்."

அவள் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னை ஏன் கேக்கிறே? நீயே கேளேன். உன் பக்கத்துலதானே நிக்கிறார்."